வரன் பார்த்த மருத்துவர்



1986-இல் சென்னையில், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பணிக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் சுநீதி சாலமன் அம்மையார். பின்னர் அவர் தம்மிடம் சிகிச்சைக்கு வந்தோர்க்கு வரனும் பார்த்தார். தொற்றுடைய மணமகனுக்குத் தொற்றுடைய மணமகள்! மருத்துவருக்கு ஏன் தரகு வேலை என்பீர்கள். தனிமையும் அவமான அச்சமும் மிகுந்தால் மாத்திரையை மறைத்து வைப்பர், வேளை தவறும், மருந்து தவறின் கிருமி தலையெடுக்கும். 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் மருந்தை நாள்தோறும் உண்டு, குருதியில் கிருமி தென்படா நிலையில் நீடிப்பவரிடமிருந்து தாம்பத்தியத்தாலும் தொற்று பரவாது. ஒரே தம்ளரில் காப்பி அருந்துவதாலோ என்றுமே பரவியதில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. அவர்களுக்கெனத் தனித் தம்ளர் எடுத்து வைப்பவரை எந்தக் காவலர் பிடிப்பார்?