அப்பர் திரும்பிய வழி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எங்கள் அனலைதீவிலே மேடு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. புகையிலைத் தோட்டத்து வரம்பில் ஏறி நின்றாலும் கடல் தெரியும். ஏறாமல் நின்றாலும் தெரியும். உயரம் என்றால் எங்களுக்குப் பனைதான். அந்த ஊரிலிருந்து என் அத்தான், இளைப்பாறிய தபாலதிபர், வயது 67, அடுத்த ஆண்டு திருக்கயிலாய யாத்திரைக்குப் போவதென்று முடிவு கட்டியிருக்கிறார். தைப்பொங்கல் தொடக்கம் விடியற்காலையில் ஐயனார் கோயிலடியிலிருந்து இறங்குதுறை வரை நடக்கிறார். கனடாவிலிருக்கும் மகன் கம்பளி மேற்சட்டையும் தடித்த சப்பாத்தும் அனுப்பியிருக்கிறான். அந்தச் சப்பாத்தைப் பழக்க வேண்டும் என்று வெள்ளை மணல் ஒழுங்கையில் அதைப் போட்டுக்கொண்டே நடக்கிறார். பிள்ளைகள் பின்னால் நின்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், புதுச் சப்பாத்தோடு மலையேறிக் கால் புண்ணாகித் திரும்பியவர்கள் பலர்.

எனக்கு உறுத்தியது சப்பாத்து அன்று. வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் அவர் சொல்லுகிற ஒரு வார்த்தை.

“போறதெண்டு வெளிக்கிட்டாச்சு. திரும்பி வந்தால் வரட்டும், வராட்டி அதைவிடப் பேறு என்ன?”

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அக்கா இதைக் கேட்பாள். ஒருநாள் என்னிடம், “தம்பி, நீ தமிழ் படிப்பிக்கிறனி. இவர் சொல்லுறது எந்தப் புத்தகத்திலை கிடக்கு?” என்று கேட்டாள். அவள் கேட்ட கேள்விக்கு விடையாகத்தான் இன்றைய உரை அமைகிறது.

அது பெரியபுராணத்திலே இருக்கிறது. திருநாவுக்கரசு சுவாமிகள் புராணத்திலே, கயிலைக்குப் போகும் வழியில் வீழ்ந்து கிடக்கும் அப்பரிடம் இறைவன் முனிவர் வடிவில் வந்து, இது மானுடர் அடையும் இடமன்று, மீண்டு போம் என்கிறான். அப்பரோ, இறைவனுடைய இருக்கையைக் கண்டாலன்றி இந்த அழியும் உடம்போடு மீளேன் என்கிறார். அத்தான் பிடித்துக்கொண்டது இந்த இடத்தை. நாவலர் பெருமானின் வசனத்திலே சிறுவயதில் படித்தது, அவர் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தை அவர் புரட்டவில்லை.

அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது? அப்பர் மீளேன் என்ற உறுதி அப்படியே ஏற்கப்படவில்லை. எழுந்திரு என்று குரல் கேட்கிறது. தேய்ந்த உறுப்புகள் நலம் பெறுகின்றன. இந்தப் பொய்கையிலே முழுகித் திருவையாற்றிலே எழுந்து கயிலைக் காட்சியைக் காண்பாய் என்று அருள் கிடைக்கிறது. மூழ்கியவர் காவிரிக் கரையிலே திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். களிறும் பிடியுமாக, சேவலும் பேடுமாக எதிர்ப்படும் உயிர்களையெல்லாம் சத்தியும் சிவமுமாகக் காண்கிறார். ஆடி அமாவாசையில் இன்றும் திருவையாற்றிலே அது விழாவாக நடக்கிறது. அப்பர் கயிலையைக் கண்டது கயிலைக்குப் போய் அன்று. பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டு.

நேயர்களே, சேக்கிழார் அந்தப் பயணத்தைச் சொல்லும் முறையை ஒருதரம் கவனிக்க வேண்டும். காளத்தியிலிருந்து திருப்பருப்பதம், தெலுங்க நாடு, கன்னட நாடு, மாளவம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து வாரணாசி போகிறார் அப்பர். அதன் பின் துணையில்லை. பாதம் தேய்கிறது; கையால் ஊன்றித் தவழ்கிறார்; கையும் தேய்கிறது; மார்பினால் உந்துகிறார்; மார்பும் நைந்தபின் புரள்கிறார்; புரளவும் இயலாமல் கிடக்கிறார். ஒரு சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர் உடம்பின் தோல்வியை இவ்வளவு அடுக்கடுக்காகச் சொல்லியிருக்கிறார். பக்தி இருந்தால் உடம்பு தாங்கும் என்று அவர் ஓரிடத்தில் ஒரு சொல்லால் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

இனி, அத்தான் போகப்போகும் வழி. காத்மாண்டுவிலிருந்து தரைமார்க்கமாகப் போகிறவர்கள் எல்லை கடந்து கேருங் என்ற ஊரில் தங்குவார்கள். காத்மாண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர். கேருங் ஏறக்குறைய 2,800. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர்தான். ஆக, முதலாவது தங்குமிடத்திலேயே இலங்கை முழுவதும் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து ஒரே நாளில் வாகனம் சாகாவுக்கு ஏறுகிறது. அது ஏறக்குறைய 4,500 மீற்றர். மானசரோவரம் ஏறக்குறைய 4,590 மீற்றர். கயிலையைச் சுற்றிவரும் 52 கிலோ மீற்றர்ப் பாதையிலே தோல்மா கணவாய் 5,630 மீற்றர். அந்த உயரத்தில் வளியமுக்கம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதியளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் பாதிதான்.

மலை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீற்றருக்கு மேல் போனால் ஓர் இரவு உறங்கிய உயரத்துக்கு மறு இரவு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதே. மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஏறாமல் ஓய்ந்திரு. கேருங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே மூச்சில் ஏறுவது இந்தக் கணக்கை மூன்று மடங்கு மீறுவது. கேருங்கிலே இரண்டு இரவு தங்கவைப்பது அதற்காகத்தான். அந்த இரண்டாம் நாளைத்தான் நம்மவர்கள் வீண்நாள் என்று முறையிடுகிறார்கள். காசு குறைவாக வாங்கிக்கொண்டு நாளையும் குறைக்கும் குழுவைத் தெரிவுசெய்து விடுகிறார்கள்.

இப்போது உலங்குவானூர்தி வேறு வந்துவிட்டது. நேபாளகஞ்சின் சமவெளியிலிருந்து சிமிக்கோட், ஹில்சா என்று பறந்து ஓரிரு நாளில் 3,600 மீற்றரில் இறக்கிவிடுகிறார்கள். விநாயகர் ஔவையைத் தும்பிக்கையால் தூக்கிக் கயிலையில் வைத்தார் என்று சொல்லும் கதை நினைவுக்கு வருகிறது. சுந்தரர் வெள்ளையானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் போனார்கள். காரைக்காலம்மையார் தலையால் நடந்தார். அவர்கள் நம்மைப் போன்ற பயணிகள் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. நாங்கள் திரும்பி வந்து ஓய்வூதியம் எடுக்க வேண்டியவர்கள்.

தலையிடி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை என்று தொடங்கும் நோய், ஏறாமல் நின்றால் பெரும்பாலும் தணியும். நடை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால், சும்மா இருக்கும்போதே மூச்சிரைத்தால் அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்ததன் அடையாளமாகலாம். அப்போது செய்ய வேண்டியது கீழே இறங்குவது. இரவானாலும் இறங்குவது. ஒட்சிசன் உருளையும் மருந்தும் இறங்கும் நேரத்துக்கு உதவுமேயன்றி இறங்குவதற்கு மாற்றாகா. டயமொக்ஸ் என்ற மாத்திரை உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். நாள்தோறும் நடந்து பழகியதும் இதற்குக் காப்பு அன்று. நடைப்பயிற்சி காலுக்கு, உயரத்துக்குப் பொறுமைதான். இதை அத்தான் நம்ப மறுத்தார்.

மூளைக்குள் நீர் கோக்கும்போது முதலில் போவது தீர்ப்புத்தான். தான் நலமாக இருக்கிறேன் என்று நோயாளியே சாதிப்பார். அந்த நேரத்தில், இங்கே உயிர் போனால் முத்தி என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவரை யார் இறக்குவது? உடன் வந்தவர்கள் கைகூப்பி நிற்பார்கள். அவருடைய வைராக்கியம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பேசுவது நோயாக இருக்கும்.

மலை தானும் வழியை மூடும். இந்தியாவழி யாத்திரை நெடுங்காலம் தடைப்பட்டு 1981 இல் மீண்டும் தொடங்கியது. 1998 ஓகஸ்டில் மால்பா என்ற தங்குமிடத்தில் மலை சரிந்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுள் கயிலை யாத்திரிகர் 60 பேர், நடனமணி புரோதிமா பேடி ஒருவர். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தோடு பழைய கோதாரி வழி அடைபட, யாத்திரை கேருங் பக்கம் திரும்பியது. 2025 ஜூலை 8 இல் அந்த எல்லைப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோனது. பாலம் இல்லையென்று திரும்புகிறவரை யாரும் பக்தி குறைந்தவர் என்பதில்லை. மூச்சு இல்லையென்று திரும்புகிறவருக்கு மட்டும் ஏன் வெட்கம்?

தீவான்களுக்கு இது புதிய பாடமும் அன்று. சோளகம் எழும்பினால் ஊர்காவற்றுறைக்கு வெளிக்கிட்ட வள்ளத்தை நடுக்கடலிலே திருப்பிக்கொண்டு வரும் ஓட்டியை எங்கள் ஊரில் யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக் கேட்டதில்லை. கலியாணத்துக்குப் போகிறவர்கள்கூட வாய் திறவார்கள்.

திருஞானசம்பந்தர் கயிலையைக் காளத்தியிலிருந்தே பாடினார். நம் திருக்கோணமலையையும் அவர் கடல் கடந்து வந்து பாடவில்லை. அக்கரையில் நின்று பாடினார். அந்தக் கோணமலையைத்தான் நாம் தட்சிண கைலாசம் என்கிறோம். போகாதே என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தான் போகத்தான் வேண்டும். நாற்பது வருடம் மற்றவர்களுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துக் கொடுத்த மனிதர், ஒருதரம் தூரப் போகட்டும்.

சென்ற மாதம் பெரியபுராணத்தை எடுத்துக்கொண்டு போய், அந்த அடுத்த பக்கத்தை அவருக்கு வாசித்தேன். அக்கா குசினியிலிருந்து வெளியே வந்து திண்ணையில் இருந்தாள். வாசித்து முடிய அத்தான் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பரைத் திருப்ப ஆண்டவன் வந்தவன். என்னைத் திருப்ப ஆர் வருவினம்?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

அக்கா பகிடியாக எடுக்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு கடுதாசியும் பேனையும் கொண்டு வந்தாள். அவள் சொல்ல நான் எழுதினேன். குழுத் தலைவருக்கு விளங்கும்படி ஆங்கிலத்திலும் எழுதினேன். நான் இறங்கமாட்டேன் என்று சொன்னாலும் என்னைக் கேட்காமல் இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று அதில் இருக்கிறது. அத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டுதரம் வாசித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். தபாலதிபர் அல்லவா, திகதியும் இட்டுத்தான் ஒப்பம் வைத்தார். அக்கா அதை மடித்து, கனடாச் சட்டையின் உட்பையில் வைத்துத் தைத்துவிட்டாள்.