இந்தப் பட்டம் அதிகாரித் தேர்வுக்கும் செல்லும்

ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பட்டம் பெறும் பிள்ளைகளே!

வேலூர்ப் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். ஆள்சேர்ப்பு முகாம் எங்கே, எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதெல்லாம் மாதனூர்ப் பையன்களுக்கு அத்துப்படி. அதிகாரியாகச் சேர என்ன வழி என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. சிப்பாயாகப் போவது பெருமைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பட்டம் அதிகாரித் தேர்வு எழுதவும் போதும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆம்பூரில் ரயில் ஏறினால் காட்பாடி தாண்டி அரக்கோணம். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் உருவாவது அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில். 2024 ஜூன் 7 அன்று அங்கே 21 அதிகாரிகள் தங்கச் சிறகுச் சின்னம் அணிந்தார்கள். அவர்களில் ஒருவரான அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. அதே அணியில் லடாக்கின் முதல் கடற்படை அதிகாரியான ஜம்யாங் செவாங்கும் நின்றார். கடலே இல்லாத பனிமலையிலிருந்து ஒருவர் நம் பக்கத்து ஊருக்கு வந்து பறக்கக் கற்றிருக்கிறார். நம் பிள்ளைக்கு அது தூரமா?

விமானப்படை அதிகாரியாக ஏஎஃப்கேட் தேர்வு, முப்படைக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. இரண்டும் ஆண்டுக்கு இருமுறை. விமானப்படையில் விமானியாக வேண்டுமானால் வயது 20 முதல் 24, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். அந்தப் பாடங்கள் இல்லாதவர்களுக்கு ராணுவத்தின் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. எந்தப் பட்டமானாலும் சரி, 1992 முதல் பெண்களுக்கும் அங்கே இடமுண்டு. வீட்டில் பத்தாம் வகுப்புத் தங்கை இருந்தால், பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் ஐந்து நாள் நேர்முகம். மங்கலான ஒரு படத்தை முப்பது விநாடி காட்டுவார்கள்; நான்கு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுதி, முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் தடை என்பார்கள். அதைவிடப் பெரிய தடை, வாய் திறக்கத் தயங்குவதுதான் என்றே நான் நினைக்கிறேன். தப்பும் தவறுமாகவாவது தினமும் பேசிப் பழகுங்கள்.

விமானியாக விரும்புவோருக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. திரையில் கண், கையில் கட்டுப்பாட்டுக் கோல், காலில் பெடல், மூன்றும் சேர்ந்து ஓட வேண்டும். தாய்மார்களுக்கு இது உடனே புரியும்: ஷூ அப்பர் தைக்கும்போது நீங்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தானே? அந்தச் சோதனை வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தவறினால் விமானி ஆக முடியாது; மற்ற பிரிவுகளில் அதிகாரி ஆகலாம். ஆகவே விளையாட்டுப் போக்கில் போய் உட்காராதீர்கள். கண் பரிசோதனையையும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். அந்த ஐந்து நாள் நேர்முகத்துக்காக மைசூர் போக வேண்டும் என்று மகள் கேட்டால், செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். முதல் முறை வருகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தை அரசே திருப்பித் தருகிறது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.