நீதிமன்றக் கடிதம் வந்தால்



கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பள்ளி ஆசிரியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மலாயில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் கொண்டுவந்த தாளைக் கண்டதும் நமக்குத் திக்கென்றது. அது ஒரு வங்கி தொடுத்த வழக்கின் சம்மன்.

மகன் தவணையில் வாங்கிய காருக்கு அவர் ஜாமீன். தவணை நின்றது. காரை இழுத்துப் போய் ஏலம் விட்டார்கள். அதோடு கடன் தீர்ந்தது என்று வீட்டார் நினைத்துவிட்டனர். ஏலப் பணம் போக நின்ற 21,000 ரிங்கிட்டைத் தந்தை, மகன் இருவரிடமும் வங்கி கேட்டிருந்தது.

"எப்போ வந்துச்சு ஐயா இது?" என்றோம்.

"பத்து நாளாச்சு சார். சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்."

நேயர்களே, இது குற்ற வழக்கு அல்ல, பண வழக்கு. பயந்து ஒளியத் தேவையில்லை. ஆனால் சம்மன் கையில் கிடைத்த 14 நாட்களுக்குள், வழக்கில் முன்னிலையாகிறோம் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நம்மைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். பிறகு அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஏறும்; வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யவும் வங்கி மனுப்போடலாம். பெரியவருக்கு மிஞ்சியிருந்தவை நான்கே நாட்கள். மறுநாளே அனுப்பி வைத்தோம்.

100,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கே போனால் சண்டைதான் போட வேண்டும் என்பதில்லை. வழக்கு நீண்டால் வங்கிக்கும் செலவுதான். ஆகவே இரு தரப்பும் ஒரு தவணைக்கு ஒத்துக்கொண்டு, அதை நீதிமன்றத்தில் பதிவு செய்து கொள்ளலாம். இதற்கு ஒப்புதல் தீர்ப்பு என்று பெயர்.

வங்கியின் வழக்கறிஞர் மாதம் 600 ரிங்கிட் கேட்டார். தந்தையும் மகனும் நமது பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து, பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். அரிசி, பள்ளி வேன், மோட்டார் சைக்கிள் எண்ணெய், மருந்து எல்லாம் போக மிஞ்சியது 350. வெட்கப்பட்டு 600க்குத் தலையாட்டியிருந்தால் மூன்றாம் மாதமே முறிந்திருக்கும். சம்பளச் சீட்டுகளைக் காட்டி 300 என்றார்கள். இரண்டு முறை பேசியபின் வழக்கறிஞர் இணங்கினார். 70 மாதம்; அதுவரை புதிய வட்டி கிடையாது.

கையெழுத்திடுமுன் வரி வரியாகப் படித்துச் சொன்னோம். ஒரு வரி நம்மை நிறுத்தியது: ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதையும் உடனே கட்ட வேண்டும். இத்தகைய வரி பெரும்பாலும் இருக்கும். மழைக்காலத்தில் செம்பனை வேலை குறைவதைச் சொல்லி, 14 நாள் சலுகை கேட்டு எழுதி வாங்கினார்கள். வாய்ச்சொல்லாக விட்டிருந்தால் பயனில்லை. ஒப்புதல் தீர்ப்பும் தீர்ப்புதான். ஏமாற்று, தவறு போன்ற காரணமின்றி அதைப் பின்னர் மாற்றுவது கடினம்.

பழைய கடனென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் வங்கி வழக்குத் தொடுக்க வேண்டும். ஆனால் இடையில் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டினாலோ, அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். இதை அறியாமல் 50 வெள்ளி கட்டியவர்கள் உண்டு.

வழக்கு வருமுன்பே தவணை கனத்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. இதற்கென்று காசு கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

பெரியவர் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தார். எழுபதாவது ரசீதோடு, கடன் தீர்ந்தது என்ற கடிதத்தையும் வங்கியிடம் கேட்டு வாங்கி வந்து நம்மிடம் காட்டினார். இந்த முறை படித்துச் சொல்லச் சொல்லவில்லை, மகனே படித்துவிட்டானாம்.