சங்கிலி பிடித்தவர் போட்ட கோடு



நில அளவை அதிகாரி வில்லியம் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்துவிட்டு, தெற்கே நடந்தார். காவிரிச் சமவெளிக்கு வந்ததும் வேலை நின்றது. ஏறி நின்று தூரத்தைக் குறிபார்க்க மலை இல்லை, குன்று இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னந்தோப்பு. என்ன செய்தார்? கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. மனிதர் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தினார்!

தட்டுங்கள், லாம்ப்டனுக்குக் கை தட்டலாம். ஆனால் அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் யார்? ஏட்டில் பெயர் இல்லை.

1858-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் ஊர் ஊராக வருவாய் அளவை நடந்தது. 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. சேற்றிலும் முள்ளிலும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் யார்? அவருக்கும் பெயர் இல்லை. அளந்து வரைந்த படத்தின் மூலையில் அதிகாரியின் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

அவர் நடந்த தடத்தைப் புலப்படத்தில் பாருங்கள். எல்லைக் கற்கள், கல்லுக்குக் கல் அளவு, நடுவே இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால். இன்று அதே இடத்தில் போய் நின்றால் மனைப்பிரிவின் தார்ச்சாலை இருக்கும்.

"செயற்கைக்கோள் படம் இருக்கிறதே, பழுப்புக் காகிதம் எதற்கு?" என்று சிலர் மேடைக்கு மேடை கேட்கிறார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் வானத்துக்குப் போனது 1972-ல். அதற்கு நூறு வருடம் முன்னால் உங்கள் ஏரிக்கு எத்தனை வரத்துக் கால்வாய் என்று அது சொல்லுமா? காகிதம்தானே சொல்லும்! இடம் மாறாத கோபுரம், மலை உச்சி, எல்லைக்கல் இவற்றைப் பிடித்துக்கொண்டு பழைய படத்தைப் புதுப் படத்தின் மேல் கணினியில் பொருத்துகிறார்கள் ஆய்வாளர்கள். எது தூர்ந்தது, எது திசை மாறியது எல்லாம் அப்போது தெரிந்துவிடுகிறது.

ராமநாதபுரத்துக் கண்மாய்களை அப்படிப் பார்க்க வேண்டும். மேல் கண்மாயின் கலுங்கில் வழிகிற தண்ணீர்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. படத்தில் அது கோத்த மாலையாகத் தெரியும். நடுவில் ஒரு கால்வாயை அடைத்தால் கீழே உள்ள ஊர்களெல்லாம் காயும். பழைய படத்தில் நீலமாக இருக்கிற பல இடங்களில் இன்று சீமைக்கருவேலம் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் ஏறக்குறைய 39,000 என்கிறார்கள். அதில் எத்தனைக்கு வரத்து உயிரோடு இருக்கிறது?

ஆனால் பழைய படம் வேதவாக்கு அல்ல. வரி வருகிற நஞ்சையை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள், வரி வராத காட்டையும் மேட்டையும் மேலோட்டமாக விட்டிருக்கிறார்கள். நீலம் போட்ட ஏரியில் வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றது என்றும் அர்த்தமில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கரையில் நடந்து ஒத்துப்பார்த்த பிறகே பேச வேண்டும்.

ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் கையில் கொடுக்க ஆதாரம் வேண்டாமா? மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடும். உங்கள் ஊர் வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். ஏரி, வாய்க்கால் புறம்போக்கு சர்வே எண்களை உரக்கப் படியுங்கள். அளந்து கல் நடச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.