கைமாறிய வண்டியும் மாறாத பெயரும்

 

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் பழைய மோட்டார் கார்களின் வரலாற்றைப் பேசுதல் பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும், ஒரு பழைய காரின் முன்னாள் உடைமையாளர்களைத் தேடிச் செல்வோர் பணியும், ஓர் ஏட்டுச்சுவடி வழிவழியாக வந்த நெறியைத் தேடிச் செல்வோர் பணியும் அடிப்படையில் ஒன்றே. எது மூலம்? எது பின்னர்ச் சேர்ந்தது? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? வழங்கிவரும் கதையைக் காலக்கணக்கு ஒப்புகிறதா? இந்நான்கு வினாக்களே இரு துறைக்கும் பொது. இவ்வினாக்களை முன்வைத்து, இங்கிலாந்தில் ஒரே மனிதரின் கைப்பட்ட இரண்டு பென்ட்லி கார்களின் வரலாறு இங்கு நோக்கப்பெறுகின்றது. அவற்றுள் ஒன்று, உடல் ஏறக்குறைய முழுதும் மாறியும் தன் பெயரை இழக்கவில்லை. மற்றொன்று, தான் செய்யாத செயலுக்குப் புகழ் பெற்றது.

அடிச்சட்டமும் மேற்கூடும்

பழைய கார்கள் அனைத்தையும் 'வின்டேஜ்' என்று வழங்குதல் பொதுவழக்கு. ஆனால் இங்கிலாந்தில் 1934இல் தோன்றிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் அச்சொல்லுக்கு ஓர் எல்லை வகுத்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் 1919 தொடங்கி 1930 இறுதிவரை செய்யப்பட்டவையே அப்பெயர்க்கு உரியன. இக்காலத்தின் சிறந்த கார்கள் பல, இன்று கார்கள் செய்யப்படுவது போல ஒரே தொழிற்சாலையில் முழுமை பெற்றவை அல்ல. பென்ட்லி போன்ற நிறுவனங்கள் எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய சேசிஸை மட்டுமே செய்து விற்றன. அதனை வாங்கியவர் தாம் விரும்பிய வேறொரு பட்டறைக்கு அனுப்பி மேற்கூடு கட்டிக்கொண்டார். கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதைக் கண்டோர்க்கு இம்முறை புதிதன்று.

இதனால் ஒரு காருக்கு இரண்டு பிறப்புகள் உண்டாகின்றன. சேசிஸுக்கு ஓர் எண், எஞ்சினுக்கு ஓர் எண், மேற்கூட்டுக்கு அதனைக் கட்டிய பட்டறையின் பதிவு, சாலையில் ஓடுதற்கு அரசு வழங்கிய பதிவெண் என அதன் அடையாளம் நான்காகப் பிரிகின்றது. ஒரு சேசிஸ் மூன்று மேற்கூடுகளை மாற்றி அணியலாம். ஒரு மேற்கூடு வேறு சேசிஸில் ஏறலாம். எஞ்சின் இரண்டையும் விட்டுப் பிரியலாம். மெய்யும் உயிரும் கூடியும் பிரிந்தும் புணர்ச்சி காட்டுதல் போன்றதே இது. வரலாறு தேடுவோர் இந்நான்கனையும் தனித்தனியே தொடர்ந்து சென்று, அவை எந்தெந்த நாளில் ஒன்றாயிருந்தன என்பதைக் காண வேண்டும்.

இப்பணிக்குத் துணையாவன ஆவணங்களே. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டத்தின்படி, 1904 தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் ஒவ்வொரு வண்டியும் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவாயிற்று. 1921 முதல் வண்டியோடு செல்லும் பதிவுப் புத்தகம் வழக்குக்கு வந்தது. இந்நாட்டு ஆர்.சி. புத்தகம் போன்ற அதில், உடைமை மாறும்போதெல்லாம் புதியவர் பெயர் ஏறியது. ஆனால் பிற்காலத்தில் பதிவுப் பணி ஒரே நடுவண் அலுவலகத்திற்கு மாறியபின், உள்ளாட்சிகள் பல தம் பழைய பேரேடுகளை அழித்துவிட்டன. செல்லுக்கும் நெருப்புக்கும் இரையான ஏடுகளை நினைந்து வருந்துவோர்க்கு இவ்விழப்பின் கனம் விளங்கும். பேரேடு அழிந்தவிடத்துத் தொழிற்சாலையின் பழுதுபார்ப்புக் குறிப்புகளும், பட்டறைக் கணக்குகளும், நாளிட்ட புகைப்படங்களுமே சான்றாகின்றன.

பழைய முதலாம் எண்

ஓல்டு நம்பர் ஒன் என்பது ஒரு ஸ்பீடு சிக்ஸ் பென்ட்லி. ஆறு சிலிண்டர்களும் ஆறரை லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சினைக் கொண்டது. 1929 ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் எண் 1 தாங்கி ஓடி முதலிடம் பெற்றது. ஓட்டியவர்கள் உல்ஃப் பர்னாட்டோவும் சர் ஹென்றி பிர்க்கினும் ஆவர். அவ்வாண்டு முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி கார்களே பெற்றன. மறு ஆண்டு எண் 4 தாங்கி ஓடியபோதும் அக்காரே வென்றது. அப்போது பர்னாட்டோவுடன் ஓட்டியவர் கிளென் கிட்ஸ்டன். எண் மாறியும் பெயர் மாறவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பர்னாட்டோ, தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கச் செல்வர் பார்னி பர்னாட்டோவின் மகன். பென்ட்லி நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கியவர். 1928, 1929, 1930 ஆகிய மூன்றாண்டும் லெ மான் பந்தயத்தில் கலந்து மூன்றிலும் வென்றவர். எனினும் அவரது செல்வத்தாலும் நிறுவனத்தைக் காக்க இயலவில்லை. 1931இல் அது நொடித்து, ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஓல்டு நம்பர் ஒன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டே புரூக்லண்ட்ஸ் தடத்தின் 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீ, சிரில் பால் என்னும் இருவர் கையில் அது வெற்றி பெற்றது.

இவ்வாறு ஓடிய ஒவ்வொரு பந்தயமும் அதன் உடலில் சிலவற்றை எடுத்துச் சென்றது, சிலவற்றைச் சேர்த்தது. பந்தயக் காரின் இயல்பே அது. தேய்ந்தது கழற்றப்படும், வலியது பூட்டப்படும். 1932இல் வேறு அடிச்சட்டமும் எட்டு லிட்டர் எஞ்சினும் அதில் ஏறின. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் நடந்த 500 மைல் பந்தயத்தில், ஜாக் டன்ஃபீயின் உடன்பிறந்தார் கிளைவ் டன்ஃபீ அதனை ஓட்டினார். சரிவுத் தடத்தின் உச்சி விளிம்பைக் கடந்து வண்டி வெளியே பாய்ந்தது. கிளைவ் உயிரிழந்தார். அதன்பின் அக்கார் பந்தயத்தை விட்டு, சாலையில் ஓட்டும் வண்டியாக மீண்டும் கட்டப்பெற்றது. காலம் செல்லச் செல்லப் பல கை மாறியது.

நீதிமன்றம் தேர்ந்த சொல்

1990இல் அதன் உடைமையாளர் ஒருவர் அதனை ஒரு கோடிப் பவுன் மதிப்பில் ஒரு நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டார். வாங்க முன்வந்த நிறுவனம் பின்வாங்கியது. 'இது உண்மையில் ஓல்டு நம்பர் ஒன் அன்று' என்பது அதன் வாதம். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிபதி ஆட்டன், ஓர் இலக்கண ஆசிரியர்க்குரிய பொறுமையோடு, அக்காரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்.

வல்லுநர் சான்றுகளின்வழி அவர் கண்ட முடிவு வியப்பிற்குரியது. 1929இல் வென்ற காரின் உறுப்புகளில், காலம் வரையறுக்க இயலாத சில சிறு பொருத்துகள் தவிர எதுவும் எஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக் காருக்கு உரியனவாக எஞ்சியவை மிதிகட்டைத் தண்டு, கியர்ப்பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகிய சிலவே. அடிச்சட்டம், அச்சுகள், எஞ்சின் என மிகுதியாய் நிலைத்தவை 1932ஆம் ஆண்டின் உறுப்புகளே. அதாவது, உலகம் போற்றும் இரு வெற்றிகளின் உடல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஓர் இளைஞர் உயிர்நீத்த நாளின் உடலே பெரிதும் நின்றது.

ஆயினும் தீர்ப்பு விற்றவர் பக்கமே அமைந்தது. மூலம், ஏறக்குறைய மூலம், உண்மையானது, மீளக் கட்டியது, போலி எனப் பலபடிச் சொற்கள் நீதிமன்றத்தில் எடைபோடப்பெற்றன. இக்காரை 'மூலம்' என்று கூற இயலாது என நீதிபதி தெளிந்தார். ஆனால் 'உண்மையான ஓல்டு நம்பர் ஒன்' என்று வழங்கப்பெற அது உரிமையுடையது என்றார். காரணம், தொடர்ச்சி. அக்கார் எந்நாளும் மறைந்துபோகவில்லை. எந்நாளும் வேறொரு காராக மாறிவிடவில்லை. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், அப்பெயர்க்குரியதாக ஒரே வண்டிதான் இருந்தது. கிரேக்க அறிஞர் புளூட்டார்க், தீசியஸின் கப்பலைப் பற்றி எழுதியபோது, பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என மெய்யியலார் வழக்காடியதைக் குறித்தார். அவ்வழக்குக்கு ஒரு விலைச்சீட்டும் ஒரு தீர்ப்பு நாளும் கிடைத்தது 1990இல் எனலாம்.

இத்தீர்ப்பின் அறம் ஒன்று உண்டு. பழமையை மீட்கிறோம் என்று 1929க்குப் பின் வந்த அனைத்தையும் கழற்றி எறிந்தால், எஞ்சுவது தூய மூலமன்று. வரலாற்றின் துயரப் பகுதி மட்டுமே அழிக்கப்பட்டிருக்கும். வெற்றியை வைத்துக்கொண்டு மரணத்தை விலக்கும் திருத்தம் நேர்மையான திருத்தமாகாது.

நீலத் தொடர்வண்டியும் ஓவியரின் தூரிகையும்

அதே பர்னாட்டோவின் மற்றொரு வரலாறு வேறொரு பாடம் தருகின்றது. பிரான்சின் தென்கரையிலிருந்து கலே துறைமுகம் வரை ஓடிய விரைவு வண்டி, 'நீலத் தொடர்வண்டி' எனப் பெயர் பெற்றிருந்தது. அது கலேயை அடையும் முன் தம் ஸ்பீடு சிக்ஸ் லண்டனையே அடையும் எனப் பர்னாட்டோ பந்தயம் கூறினார். 1930 மார்ச் 13ஆம் நாள் கேன் நகரிலிருந்து புறப்பட்டு, இரவெல்லாம் ஓட்டி, கப்பலில் கால்வாய் கடந்து, மறுநாள் பிற்பகல் லண்டன் சேர்ந்தார். தொடர்வண்டி கலே சேர அப்போது இன்னும் நான்கு மணித்துளிகள் இருந்தன.

ஓடிய கார் எது? கர்னி நட்டிங் பட்டறை கட்டிய, தாழ்ந்த கூரையும் பின்புறம் வழிந்திறங்கும் வடிவும் கொண்ட பேரழகுக் கூபே என்றே பல்லாண்டுகள் நம்பப்பட்டது. ஓவியர் டெரன்ஸ் கியூனியோ, அக்கூபே தொடர்வண்டியோடு போட்டியிட்டு விரைவதாக வரைந்த ஓவியம் அந்நம்பிக்கையை உறுதியாக்கியது. ஆனால் பதிவுகளைப் புரட்டியபோது, அக்கூபே பர்னாட்டோவின் கைக்கு வந்தது 1930 மே மாதத்தில் என்பது தெரிந்தது. மார்ச்சில் நடந்த ஓட்டத்தை மே மாதத்தில் வந்த வண்டி ஓடியிருத்தல் இயலாது. ஓடியது, எச். ஜே. மல்லினர் பட்டறை கட்டிய, தோற்றத்தில் எளிய ஒரு நான்கு கதவுக் கார். ஒரே ஒரு தேதி, ஓர் ஓவியத்தையும் பல்லாண்டுப் பேச்சையும் வென்றது.

இங்குக் கவிஞர்கள் சிந்திக்க வேண்டியது, அக்கதை ஏன் அழகிய வண்டியைத் தேர்ந்தது என்பதே. பெருஞ்செயலுக்கு அழகிய உருவத்தை வழங்குதல் மனத்தின் இயல்பு. தமிழிலும் இவ்வியல்பு உண்டு. வெவ்வேறு நூற்றாண்டின் புலவர்களை ஒரே அவையில் அமர்த்தி வாதிடச் செய்யும் கதைகள் எத்தனை! யாரோ பாடிய தனிப்பாடல்கள் ஔவையின் பெயரிலும் கம்பரின் பெயரிலும் ஏறிநின்றது எத்தனை முறை! அக்கதைகளின் சுவையை மறுக்க வேண்டியதில்லை. கர்னி நட்டிங் கூபேயும் தன்னளவில் பெருமைக்குரியதே. ஆனால் சுவை சான்றாகாது. பாராட்டு, உண்மையில் ஓடிய வண்டிக்கே உரியது.

சுவடி வந்த வழி

சங்கப் புலவர் தம் கையால் எழுதிய ஓர் ஓலையும் இன்று இல்லை. இற்றுப்போன ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதி, அதுவும் இற்றபின் மற்றொன்று எழுதி, தலைமுறை தலைமுறையாக மாற்றப்பட்ட உடலில்தான் புறநானூறு வந்து சேர்ந்தது. நீதிபதி ஆட்டனின் சொல்லால் கூறினால், கையில் உள்ளது மூலமன்று, ஆயினும் உண்மையானது. அவ்வுண்மைக்கு ஆதாரம், அறுபடாத கைமாற்றமே. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்கு ஏடு தந்தவர்களை முன்னுரைகளில் குறித்ததும், பாடவேறுபாடுகளைக் காட்டியதும் வெறும் நன்றிக்கடன் அன்று. அது அந்நூல்களின் பதிவுப் புத்தகம். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடங்களை வேறு பாடல்களால் நிரப்பாமல் எண்ணை மட்டும் விட்டுவைத்த நேர்மையே எஞ்சியவற்றின் மீது நம்பிக்கையை உண்டாக்குகின்றது.

நிறைவாக

எந்த இலக்கிய வட்டமும் பத்தாண்டில் முகங்கள் மாறப் பெறும். செயலர் மாறுவர், கூடும் இடம் மாறும், பாடும் பாணியும் மாறும். மாறுதல் குற்றமன்று, மாறியதை மறைத்தலே குற்றம். ஆதலின் உறுப்பினர்க்கு உரிய கடமைகள் இரண்டு. கூட்டக் குறிப்பேட்டில் நாளும் பெயரும் விடாது எழுதுதல் ஒன்று. விலகிச் சென்றோர், மறைந்தோர் பெயர்களும் அதில் நிற்க வேண்டும். கவிதையைத் திருத்தி மறுபதிப்புச் செய்யும் கவிஞர், திருத்திய ஆண்டை அடியில் குறித்தல் மற்றொன்று. ஓல்டு நம்பர் ஒன்னைக் காத்தது அதன் இரும்பு அன்று. எந்த உறுப்பு எந்நாளில் மாறியது என்று யாரோ சிலர் எழுதி வைத்த தாள்களே காத்தன.