தரிப்பிடத்தில் கழியும் நேரம்: பலெர்மோவின் பேருந்துகளும் தமிழ்க் குடும்பங்களும்



ரொபேர்ட்டோ பெனிஞி 1991 இல் இயக்கி நடித்த ‘ஜொனி ஸ்தெக்கீனோ’ திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. பலெர்மோவுக்கு வந்திறங்கியவனிடம் சிசிலியின் சாபக்கேடுகளை ஒருவர் அடுக்குகிறார். எற்னா எரிமலை, வறட்சி, அவற்றினும் கொடியதாய் மூன்றாவது ஒன்று. மாஃபியா என்று சொல்வார் எனப் பார்ப்போர் காத்திருக்க, அவர் சொல்வது வாகன நெரிசலை. பலெர்மோவில் பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு அது வெறும் நகைச்சுவை அன்று.

இந்நகரின் தமிழர்கள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். பலர் பல்லாரோ சந்தையைச் சூழ்ந்த பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களில் குடியேறினர். வீட்டுப் பணியும் முதியோர் பராமரிப்பும் அவர்களின் முதன்மைத் தொழில்களாயின. வேலைக்குச் செல்லும் வீடுகளோ லிபெர்த்தா வீதிப் பக்கமும் மொண்டெல்லோக் கடற்கரையிலும் இருக்கின்றன. காலையில் ஒரு வீடு, மாலையில் வேறொரு வீடு. இடையிலுள்ள பயணத்துக்கு ஊதியம் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். 15 நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஒழுங்காக வந்தால், எந்த நேரத்தில் தரிப்பிடத்துக்கு வந்தாலும் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். நெரிசலில் சிக்கிய இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், ஓடிய பேருந்துகளின் எண்ணிக்கை குறைவதில்லை. காத்திருப்போ 15 நிமிடமாகிறது. ஏட்டில் எல்லாம் சரியாகவே தெரியும். நாளொன்றுக்கு நான்கு முறை பேருந்து ஏறும் தாய் அதனால் அரை மணிநேரத்தை இழக்கிறார். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கவேண்டிய அரை மணிநேரம் அது. எனவே புதிய பேருந்துகளை வாங்குவதைவிட அவற்றுக்குத் தனிப்பாதை ஒதுக்குவதே பல இடங்களில் கூடுதல் பயன் தரும்.

பலெர்மோவில் எதுவுமே நடக்கவில்லை என்பது நியாயமன்று. 2015 டிசெம்பர் 30 இல் நான்கு ட்ராம் தடங்கள் திறக்கப்பட்டு, போர்கோ நுவோவோ போன்ற புறநகர்க் குடியிருப்புகள் பயன்பெற்றன. பாதைப் பணிகளுக்காக 2015 இல் நிறுத்தப்பட்ட விமான நிலையத் தொடருந்து 2018 ஒக்ரோபரில் மீண்டும் ஓடியது. மூன்று ஆண்டுகள்! யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதல்ல. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது 2014 ஒக்ரோபரில். அங்கே காரணம் போர். ஆனால் தண்டவாளம் அறுந்தால் மருத்துவம், வணிகம், உறவு யாவும் தொலைவாகிவிடும் என்பதை அத்தலைமுறை நன்கறியும்.

பெல்லெக்ரீனோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் திருத்தலத்துக்குக் கத்தோலிக்கத் தமிழரோடு இந்துத் தமிழரும் செல்வது ஊரறிந்த செய்தி. மலைப் பேருந்து தவறினால் இளையோர் நடந்தே ஏறிவிடுவர். முழங்கால் நோகும் பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார். தமிழ்ப் பாடசாலையும் அப்படித்தான். மாலைப் பேருந்தை நம்பலாம் என்றால் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை தோழியரோடு தானே போய் வருவாள். நம்ப முடியாதவிடத்து, இரவுவேலை முடித்த தந்தை ஸ்கூட்டரை எடுக்கிறார், அல்லது அன்றைய வகுப்பு தவறுகிறது. ஸ்கூட்டரும் காரும் வாங்கிவிடுவதே வழி எனப் பல குடும்பங்கள் முடிவு செய்கின்றன. குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வாகனமும் பேருந்துக்கு முன்னால்தான் நிற்கிறது.

வெளிநாட்டு வதிவோர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் பண்பாட்டு ஆலோசனை அவையை 2013 இல் உருவாக்கிய நகரம் இது. இங்கு பிறந்து வளர்ந்து குடியுரிமை பெற்ற இளையோருக்கு வாக்குரிமையும் உண்டு. இத்தாலிய மொழியில் எழுதும் ஆற்றலும் உண்டு. நகரின் எட்டு வட்டாரங்களில் பழைய நகரம் முதலாவது. ஒரே தரிப்பிடத்தில் நான்கு வாரங்கள் பேருந்து வந்த நேரங்களைக் குறித்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, அந்த வட்டார சபையிடம் எழுத்தில் கையளிக்கப் பத்து இளையோர் போதும். ஒரு குறிப்பேடும் கைக்கடிகாரமும் வேண்டும்.