நகரசபைப் பணம் முதலில் யாருக்கு?

(மேட்டூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த மேட்டூர் மனிதன் உண்டாக்கிய ஊர். 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடிந்த அணையினால் வளர்ந்த ஊர். 93 டி.எம்.சி.க்கு மேற்பட்ட காவேரித் தண்ணீரை 120 அடிக்குத் தேக்கி வைத்தது மனிதனுடைய புத்தியும் பாட்டாளியின் கையுமேயொழிய எந்த மந்திரமும் அல்ல. ஆற்றையே மறித்து நிறுத்தத் தெரிந்த மனிதனுக்கு ஒரு தெருவுக்குக் குழாய் போடவும் சாக்கடை கட்டவும் தெரியாதா என்று கேட்கிறேன். தெரிந்திருந்தும் எந்த ஊரிலும் கடைசித் தெருவுக்கு மட்டும் அது கடைசியாகவே வருவானேன்? அங்குள்ளவர்களைக் கேட்டால் "எங்கள் தலையெழுத்து" என்கிறார்கள். தோழர்களே! அது தலையில் எழுதியதல்ல. நகரசபை பட்ஜெட்டில் எழுதாமல் விட்டது.

பக்கத்திலுள்ள சேலத்தைப் பாருங்கள். 2015-ல் மத்திய சர்க்கார் 100 நகரங்களுக்கு "ஸ்மார்ட் சிட்டி" என்று திட்டம் போட்டது. 2016-ல் சேலமும் அதில் சேர்ந்தது. நகரம் ஒன்றுக்கு மத்திய சர்க்கார் 500 கோடி ரூபாய், அதே அளவு மாநில சர்க்கார் என்பது ஏற்பாடு. ஆனால் விதி என்னவாக இருந்தது? இருக்கிற நகரத்தில் ஒரு பாகத்தை எடுத்துச் சீர்செய்வதானால், அது 500 ஏக்கர் இருந்தால் போதும் என்பது. சேலம் மாநகராட்சியின் பரப்போ சுமார் 22,500 ஏக்கர்! ஈரடுக்கு பஸ் நிலையம் வந்தது. அதை நான் குற்றம் சொல்லவில்லை, பஸ் ஏறுகிறவன் பெரும்பாலும் ஏழைதான். ஆனால் பணத்தை ஓரிடத்தில் குவிக்க விதி இருந்தபோது, கடைசித் தெருவுக்கு முதலில் செலவிடு என்று ஒரு விதி ஏன் இல்லாமல் போயிற்று?

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. லண்டனில் ஏழைகள் காலராவில் ஆயிரக்கணக்காய்ச் செத்தபோது சாக்கடைக்குப் பணம் தாராளமாய்க் கிடைக்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டு கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறி, பணமும் வந்தது. நாற்றம் மேலிடத்தின் மூக்கைத் தொட்டால்தான் செலவு நடக்கும் போலும்!

நம் நாட்டில் இதோடு ஜாதியும் சேர்ந்திருக்கிறது. மலக்குழியில் மனிதனை இறக்கக்கூடாதென்று 2013-ல் சட்டம் வந்தது. அப்படியும் சாவு நிற்காததால், 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு, செத்தவன் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்றது. 2024-ல் வெளிவந்த மத்திய சர்க்கார் கணக்கில், பல மாநிலங்களில் கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடைத் தொழிலாளரில் நூற்றுக்கு 69 பேர் தாழ்த்தப்பட்ட ஜாதியினர். இயந்திரம் வாங்கப் பணமில்லை என்கிற நகரசபை, அலங்கார வளைவுக்கும் வண்ண விளக்குக்கும் பணம் தேடிக்கொள்கிறது என்றால், குழிக்குள் இறங்க மலிவாய் ஒரு ஜாதி இருக்கிறது என்ற தைரியந்தானே!

"அதிக வரி கொடுப்பது பெரிய தெருக்காரர்" என்பார்கள். 2022-ல் சொத்து வரி ஏறியபோது 600 சதுர அடிக்குட்பட்ட சிறு வீட்டுக்கும் நூற்றுக்கு 25 ஏறவில்லையா? வாடகைக்கிருப்பவனும் அதை வாடகையில் சேர்த்துத்தானே கொடுக்கிறான்?

ஆகவே தோழர்களே! உங்கள் வார்டு மெம்பரிடம் கோயில் மரியாதையைப் பற்றிப் பேச வேண்டாம்; மூன்று சங்கதி கேளுங்கள். இந்த வருஷம் எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவு என்பதைத் தமிழில் எழுதி வார்டு தோறும் பலகையில் போடச் சொல்லுங்கள். குடிதண்ணீர், சாக்கடை, கக்கூசு இவை எல்லாத் தெருவுக்கும் முடிந்த பிறகே அலங்காரம் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். சாக்கடைக்கு இயந்திரமும், அதை ஓட்டும் வேலையும் நல்ல சம்பளமும் அந்தத் தொழிலாளிக்கே கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொல்லுவதில் தவறிருந்தால் தள்ளிவிடுங்கள். சரியென்று உங்கள் அறிவுக்குப் பட்டால், அடுத்த ஓட்டு கேட்டு வருகிறவரிடம் இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் அனுப்பாதீர்கள்.